தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த நான்கு வாக்கியங்கள்

என் தம்பிக்கு நான்கு வாக்கியங்கள் நன்றாக வரும். "வாங்க வாங்க." "சாப்டீங்களா?" "நான் நல்லா இருக்கேங்க." இந்த மூன்றுக்கும் அடங்காத எதை யார் கேட்டாலும், "பாக்கலாங்க." நான்கையும் சொல்லிக்கொடுத்தது நான்தான். நான் ஒன்றும் டீச்சர் இல்லை. செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் வந்து தங்குகிற ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஆனாலும் என் வாழ்க்கையில் ஒருவனுக்கு ஒன்றை அவ்வளவு கச்சிதமாகச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அதற்காக யாராவது என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

தம்பி என்னைவிட ஏழு வயது சின்னவன். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருந்த பிறந்த வீடு அவன்தான். கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக ஒரு லோடு வேன் வைத்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாய் என்றால் அப்படி ஒரு வாய். டீக்கடையில் ஐந்து நிமிஷம் என்று நிற்பான், வேன் வெயிலில் ஒரு மணி நேரம் காயும். "உன் வாயை வாடகைக்கு விட்டா வேனே ஓட்ட வேணாண்டா" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

நாற்பத்தோராவது வயதில் ஒரு மத்தியானம், பைக்கில் வரும்போது குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்து விழுந்தான். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது வண்டிக் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்தது. ரோட்டில் இருந்தவர்கள் அதையும் பத்திரமாக எடுத்து என் கையில் கொடுத்தார்கள்.

மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. கண் திறந்தான், உட்கார்ந்தான், எழுந்து நடந்தான், தானே எடுத்துச் சாப்பிட்டான். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன், எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியதாயிற்று. நடக்கிறானே, சாப்பிடுகிறானே, பிறகென்ன என்று நினைத்தேன். கை கால் வந்துவிட்டால் மனுஷன் வந்துவிட்டான் என்று நினைக்கிற ஜாதி நாம்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சொன்னார். "உயிரக் காப்பாத்திட்டோம்மா. முன்பக்க மூளையில அடி. இதுக்கு மேல இங்க வெச்சு செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க."

எந்த வீட்டில் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, நன்றி சொல்லிக் கும்பிட்டேன். கொடுத்த காகிதத்தில் இங்கிலீஷில் ஒரு வரியை நர்ஸம்மா அடிக்கோடிட்டுத் தமிழில் சொன்னாள். "எப்பவும் கூட ஒருத்தர் இருக்கணும்." அந்த ஒருத்தர் யார் என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரே பேச்சு. சித்தப்பா வீட்டில் அதைப் பற்றி மிக அக்கறையாகப் பேசினார்கள். பெரியம்மா வீட்டிலும் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முதல் எட்டு மாதம் அந்த ஒருத்தர் அவன் மனைவி. முப்பத்திரண்டு வயதுப் பெண். வெளியே இருந்து பார்த்தால் அவனுக்கு ஒன்றுமே இல்லை, வேட்டி கட்டினால் மாப்பிள்ளை மாதிரி இருப்பான். சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டை வைத்துக்கொண்டு உட்காருவான். கேட் திறந்திருந்தால் நேராக நடந்துகொண்டே இருப்பான். புழுக்கமாக இருந்தால் துணியைக் கழற்றிப் போட்டுவிடுவான், யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. அந்தப் பேச்சு முழுக்கப் போய்விட்டது. இரண்டு மூன்று சொல்தான் மிச்சம். அதில் ஒன்று "அக்கா". இன்னொன்று "தல வலிக்குது". ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வான். வலது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, பொறுமையாக, ஏதோ எதிராளிக்குத் தகவல் கொடுப்பதுபோல, "தல வலிக்குதுக்கா." மாத்திரை கொடுப்போம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொல்வான்.

எட்டாம் மாதம் அவள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு செஞ்சியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிப்போய் நாலு பேர் பார்க்கக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அவள் அழவில்லை.

"கொழந்த சத்தம் போட்டுச்சுன்னு அவ கழுத்தப் புடிச்சிட்டாரு அண்ணி. அவருக்குத் தெரியாமத்தான். ஆனா என்னால ஒருத்தரத்தான் காப்பாத்த முடியும்" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

பல நாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதில்லை. அவள் ஒருத்தரையாவது காப்பாற்றினாள்.

அப்படித்தான் அவன் அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபப்பட்டால் அவர் அப்படித்தான். காலையில் நான் வேலைக்குப் போகும்போது அவர் இருப்பார், மத்தியானம் நான் ஓடிவந்ததும் அவர் உரக்கடைக்குப் போவார். ஒரு பொழுதுகூட இருவரும் சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்ததில்லை. விடுதியில் கழுத்தில் "மௌனம்" என்று அட்டை மாட்டிக்கொண்டு உலவுகிற வெள்ளைக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு ஊருக்குப் போய் அதைப் பற்றிப் பேசுவார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

அவனை எங்காவது நல்ல இடமாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்தேன். மனநலக் காப்பகத்தில், "இவரு மனநோயாளி இல்லீங்க, இது தலையில அடி. எங்க லிஸ்ட்டுல வராது" என்றார்கள். முதியோர் இல்லத்தில் அறுபது வயது ஆக வேண்டும் என்றார்கள். அதுவரை பெட்டியில் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன், அங்கிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு இல்லத்தில், "யாருமில்லாதவங்களத்தான் எடுப்போம். நீங்கதான் இருக்கீங்களே" என்றார் அங்கிருந்தவர். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரோட்டுல இருந்தா போலீசு கொண்டாந்து விடும். அப்ப நாங்க முடியாதுன்னு சொல்ல முடியாது." எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது பாதையோரம் காவித் துணியோடு உட்கார்ந்திருப்பவர்களை முதல் தடவையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தினமும் தாண்டிப் போகிற முகங்கள்தான். இதில் எத்தனை பேருக்கு அக்கா இருக்கிறாளோ என்று தோன்றியது. வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

கடைசியில் போளூர் தாண்டி ஒரு இடம் கிடைத்தது. தலையில் அடிபட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்குமான இல்லம். கூட்டிப் பெருக்கின முற்றம், வேப்பமரம், உடற்பயிற்சிக்கு ஒரு கூடம், பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வருகிறாள். அங்கே இருந்த ஆண்களின் நகங்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் வெட்டியிருந்தது. இதுதான் இடம் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பொறுப்பாளர் அம்மா சொன்னாள். "அரசாங்கத்துல குடுக்கற மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வேணும்மா. பாதிப்பு ஜாஸ்தின்னு அதுல இருக்கணும். கம்மின்னு இருந்தா எங்களால சேத்துக்க முடியாது. கொண்டாங்க, ஒரு கட்டில் காலியா இருக்கு."

சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டேன். டாக்டர் ஆளை நேரில் பார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கிற முகாம் என்றைக்கு என்று பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டிலை நினைத்துக்கொண்டே நாட்களைத் தள்ளினேன். அதற்குள் என் பெண்ணுக்கு வரன் வந்துவிட்டது.

நல்ல இடம். மாப்பிள்ளை காஞ்சிபுரத்தில் வேலை. தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாய்மாமன் எப்படின்னு கேக்கறாங்க. தலையில கோளாறுன்னு காதுல விழுந்தா, ரத்தத்துலயே இருக்குமோன்னு யோசிப்பாங்க. ஆக்சிடென்ட் ஆச்சு, இப்ப சரியாயிட்டாருன்னு சொல்லிட்டேன். பாத்து நடந்துக்குங்க" என்றார். எங்கள் வழக்கத்தில் தாலி கட்டியதும் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மண்டபமே பார்க்கிற காரியம். என் கணவர், "அன்னைக்கு மட்டும் அவன வேற எங்கயாவது வெச்சிக்கலாம். ஒண்ணுவிட்ட தம்பி யாராவது கட்டட்டும்" என்றார். சரியாகிவிட்டான் என்று சொல்லியாகிவிட்டதே, எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அதைவிட, என் பெண்ணின் நெற்றியில் என் தம்பி கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையும் இருந்தது. அந்த ஆசையை இப்போது நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூசுகிறது. கௌரவமும் ஆசையும் அதில் எவ்வளவு எவ்வளவு கலந்திருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பையன் முன்பு ஒரு விஷயம் சொல்லியிருந்தான். "தினமும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி திருப்பித் திருப்பிச் செய்ங்க அக்கா. சரியா செஞ்சா அவருக்குப் புடிச்சது எதனா சின்னதா குடுங்க. மூள கப்புனு புடிச்சுக்கும்." பல் தேய்க்கவும் சட்டைப் பொத்தான் போடவும் சொன்ன யோசனை அது.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் அவனைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் வெளியே போவேன். சம்பந்தியம்மா மாதிரி உள்ளே வருவேன். "வாங்க வாங்க" என்று அவன் எழுந்திருக்க வேண்டும். சொன்னால் கையை நீட்டுவான், உள்ளங்கையில் ஒரு மல்லாட்டை உருண்டை வைப்பேன். வெல்லப்பாகில் பிடித்த அந்த உருண்டை என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து உயிர். மறுபடி வெளியே போவேன், மறுபடி வருவேன். என் கணவர் உள்ளே வரும்போது ஒருநாள் அவருக்கும் "வாங்க வாங்க" கிடைத்தது. மனுஷன் வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

மூன்றாவது வாக்கியம்தான் வரவில்லை. "எப்படி இருக்கீங்க தம்பி?" என்று கேட்பேன். கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "தல வலிக்குதுக்கா" என்பான். "அது சொல்லக் கூடாது. நல்லா இருக்கேங்கன்னு சொல்லு" என்பேன். உருண்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். மறுபடி கேட்பேன். "தல வலிக்குதுக்கா." நெற்றிக்குப் போன கையைப் பிடித்துக் கீழே இறக்குவேன். ஒருநாள் பதினோரு தடவை கேட்டேன், பதினோரு தடவையும் அதையே சொன்னான். உருண்டை கொடுக்காமல் டப்பாவை மூடி மேலே வைத்துவிட்டேன். அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வாரத்தின் கடைசியில் சொன்னான். "நான் நல்லா இருக்கேங்க." நான் அழுதேவிட்டேன். இரண்டு உருண்டை கொடுத்தேன். அதன்பின் தலைவலி மெல்ல மெல்லக் குறைந்தது. இருபது தடவை பத்தாகி, ஐந்தாகி, முப்பதாம் நாள் வாக்கில் அந்த வாக்கியமே நின்றுவிட்டது. தம்பிக்குத் தலைவலி சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

கல்யாணத்தில் என் தம்பிதான் ஹீரோ. பட்டு வேட்டியும் சட்டையுமாக வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் வரவேற்றான். நான் பக்கத்தில் நின்று கைப்பையிலிருந்து உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டத்தையும் கோணாமல் கட்டினான். மாப்பிள்ளையின் பெரியப்பா அவனிடம் அரை மணி நேரம் அரசியல் பேசினார். எல்லாவற்றுக்கும் தம்பி, "பாக்கலாங்க" என்றான். "ஒங்க தம்பி அவசரப்பட்டு வார்த்தைய விடறதில்ல, ரொம்ப நிதானம்" என்று பெரியப்பா என்னிடம் வந்து பாராட்டினார். சம்பந்தியம்மா, "வீட்டுல எத்தினியோ பேர் இருக்கீங்க, நான் சாப்பிட்டனான்னு கேட்டவரு உங்க தம்பி ஒருத்தர்தான்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் முகாம். நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னால் வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

முகாமில் கூட்டம். சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், தூக்கி வரப்பட்டவர்கள். எங்கள் முறை வந்தபோது தம்பி யார் உதவியும் இல்லாமல் நடந்து போய் டாக்டர் முன்னால் நின்றான். டாக்டர் சின்ன வயதுக்காரர். காலையிலிருந்து உட்கார்ந்து களைத்திருந்தார்.

"வாங்க வாங்க" என்றான் தம்பி.

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உக்காருங்க. எப்படி இருக்கீங்க?"

"நான் நல்லா இருக்கேங்க. சாப்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. இங்க அதக் கேக்கறதுக்கு ஆள் இல்ல." கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினான். விரலைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தான். "தல வலி இருக்கா?" என்று கேட்டார்.

சொல்லுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். தம்பி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "நான் நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினான். அவன் கை கொடுக்கிறான் என்று நினைத்து டாக்டர் தானும் கையை நீட்டிக் குலுக்கினார்.

"டாக்டர், இவன் பேசறது எல்லாம் நான் கத்துக்குடுத்தது. நாலே நாலுதான் தெரியும். வீட்டுக் கேட்டத் திறந்தா எங்க போறோம்னு தெரியாது" என்றேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். அவற்றில் இருந்தது ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய நிலைமை. எதிரே உட்கார்ந்திருந்தவன் சலவைச் சட்டையில், சாப்பிட்டீர்களா என்று கேட்கிற கனவான். சலவைச் சட்டையும் என் வேலைதான். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று தேய்த்துப் போட்டுவிட்டிருந்தேன்.

"கத்துக்குடுத்தா கத்துக்கறாரு இல்ல, அதுவே நல்ல அறிகுறிதாம்மா. நீங்க பாராட்டுக்குரியவங்க" என்றார் டாக்டர். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார்.

சர்டிபிகேட் வந்தது. பாதிப்பு கம்மி. போளூர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒரு வருஷம் கழிச்சு மறுபடி காட்டிப் பாருங்கம்மா" என்றாள். கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வெகுநாள் வரை அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். படித்தவனுக்குக் கண் இல்லையா என்று விடுதியில் துணி மடிக்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினேன். என் பக்கம் திரும்ப எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.

மூன்று மாதம் கழித்து அவன் ஒரு பக்கமாக மென்று சாப்பிடுவதைக் கவனித்தேன். பிறகு கன்னம் வீங்கியது. "என்னடா, வலிக்குதா?" என்றேன். "நான் நல்லா இருக்கேங்க." உருண்டையையும் கடிக்காமல் வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தான். பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்த அந்த அம்மா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள்.

"வேர் வரைக்கும் சீழ் புடிச்சிருக்கு. ஒரு மாசமாவது ஆயிருக்கும். ராத்திரி பகல் துடிச்சிருப்பாரே, சொல்லவே இல்லியா?"

சொல்லவில்லை என்றேன். சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த தம்பியின் வலது கை வயிற்றின் மேல் இருந்தது. நெற்றிக்குப் போகவே இல்லை. எத்தனை தடவை அந்தக் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன் என்று அப்போது நினைவு வந்தது. தலைவலி சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது ஒருநாளும் நின்றிருக்காது.

அன்று சாயங்காலம் பழைய நாற்காலியில் அவனை உட்காரவைத்தேன். டப்பாவைத் திறந்து வைத்தேன். "தல வலிக்குதுன்னு சொல்லுடா. வலிக்குதுக்கான்னு சொல்லு."

"நான் நல்லா இருக்கேங்க." கை நீண்டது.

"அது இல்ல. தல வலிக்குது."

அவன் எதையோ மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். "வாங்க வாங்க" என்றான். நான் கொடுக்கவில்லை. "சாப்டீங்களா?" கொடுக்கவில்லை. "பாக்கலாங்க." நாலையும் வரிசை மாற்றி மாற்றி வேகவேகமாகச் சொன்னான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு வாய் கோணி அழுதான். அவன் கையை எடுத்து அவன் நெற்றியில் நானே வைத்துப் பார்த்தேன். என்னவோ அடிக்கப்போகிறேன் என்று தலையை இழுத்துக்கொண்டான். உருண்டையைக் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்தேன், ஒவ்வொரு நாளும் அப்படித்தான் முடிந்தது. ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்தாள். வந்து மூன்றாம் நாள் சமையல்கட்டில் என் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அவங்க வீட்டுலேர்ந்து வந்து போயிட்டு இருப்பாங்க. ஒரு நாளுன்னா மாமா சமாளிச்சிடுவாரு, அஞ்சாறு மாசம் எப்படிம்மா? கொழந்த வேற இருக்கும். செஞ்சி அத்த பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்மா."

அவள் நெற்றியில் பட்டம் கட்டினவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்: கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. யாராவது ஒருவர் இதைச் சொல்ல மாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முகாமுக்குக் காத்திருக்க நேரமில்லை. சர்டிபிகேட் கேட்காத, வயது கேட்காத, எதுவுமே கேட்காத இடம் ஒன்று செங்கம் தாண்டி இருந்தது. மாதாமாதம் பணம் கட்டினால் போதும். கம்பி போட்ட வாடகை வீடு, பதினாலு ஆண்கள், ஒரு சூப்பர்வைசர். வேப்பமரம் இல்லை. சேர்த்துவிட்டு வந்த அன்று வாசலில் அவன் என்னைப் பார்த்து, "வாங்க வாங்க" என்றான். நான் போய்க்கொண்டிருந்தேன். போகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேத்தி பிறந்து பத்து மாதம் ஆகிறது. பெண் எப்போதோ புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். முகாமுக்கு மறுபடி கூட்டிப்போனேன். வேறு டாக்டர், அதே நான்கு வாக்கியம், அதே காகிதம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது இளைத்திருந்தான். நகம் வளர்ந்து உள்ளே கறுப்பு கட்டியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டபோது இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்டதுபோலச் சுற்றிலும் சிவந்து தடித்த தடம் இருந்தது. 

"யாருடா கட்டினாங்க? இது எப்படி வந்துச்சு?"

"பாக்கலாங்க" என்றான்.

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் பக்கத்திலேயே நிற்பார். "கொசுக்கடிக்குச் சொறிஞ்சிக்கறாரும்மா" என்றார். "நீங்களே கேளுங்க. அய்யா, இங்க எதனா கஷ்டமா இருக்கா?"

"நான் நல்லா இருக்கேங்க."

"பாத்தீங்களா. பதினாலு பேர்ல ஒரு கம்ப்ளைன்ட் சொல்லாத ஆளு இவரு ஒருத்தர்தான். மத்தவன்லாம் கத்துவான். ஒங்க வீட்டு வளர்ப்பு அப்படிம்மா."

வருகிறவர்கள் எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்தவர் பெயர், நேரம், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று எழுத ஒரு கட்டம். மணிக்கட்டுத் தடத்தைப் பற்றி எழுதலாம். எழுதினால் அழைத்துப் போய்விடுங்கள் என்பார்கள், சேர்க்கும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். போலீசுக்குப் போனால் அவனைத்தான் விசாரிப்பார்கள், அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கூட்டிப்போனால், காலையில் பார்த்துக்கொள்ள என் கணவர் இனி இசைய மாட்டார், நான் வேலையை விட வேண்டும். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் முடிவு செய்கிறேன், வீடு வருவதற்குள் அந்த முடிவு இறங்கிப் போய்விடுகிறது. "நலமாக இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்பக்கங்களைப் புரட்டினேன். நான் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கையெழுத்தில் அதுதான் இருந்தது.

கிளம்பும்போது பையைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து "வாக்கா", "போக்கா" என்று மட்டுமே என்னைக் கூப்பிட்டவன், டப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனே வரிசையாகச் சொன்னான். வாங்க வாங்க. சாப்டீங்களா. நான் நல்லா இருக்கேங்க. பாக்கலாங்க. ஒரு பிசகு இல்லை. சொல்லி முடித்துவிட்டுத் தடம் விழுந்த கையை என் முன்னால் நீட்டினான்.

இரண்டு உருண்டை வைத்தேன்.